இருபது முழம்

எங்கள் தெருவில் வெள்ளைப் பாவு நீட்டியிருந்தால் ஆளாளுக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். மழைக்குப் பயந்து ஒரு பார்வை, காக்காய்க்குப் பயந்து நாலு பார்வை. தறியில் ஏற்றுவதற்கு முன்னால் நெடுக்கு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சி தேய்த்து, ஈரம் காய்வதற்குள் இழை இழையாகப் பிரித்துவிட வேண்டும். வேட்டிக்குப் போகிற நூல். அதில் காக்காய் எச்சம் விழுந்தால் கஞ்சியோடு சேர்ந்து காய்ந்து கறையாகிவிடும். பிறகு எந்தச் சவுக்காரத்துக்கும் அசையாது.

இது ஒரு வீட்டு ஆட்களால் முடிகிற வேலை இல்லை. யார் வீட்டுப் பாவாக இருந்தாலும் வீட்டுக்கு இரண்டு பேர் வந்து கை கொடுப்பது எங்கள் தெரு வழக்கம். ஆனால் யாரும் தானாக வரமாட்டார்கள். விடிவதற்கு முன்னால் ஒருவர் வந்து ஒவ்வொரு கதவாகத் தட்ட வேண்டும். அந்தத் தட்டும் உரிமை எங்கள் பக்கத்து வீட்டுக்காரருடையது. அவர் வேறு யாரும் இல்லை, என் நாத்தனாரின் கணவர்தான். என் வீட்டுக்காரர் அவரை பாவா என்று கூப்பிடுவார். எனக்கு அண்ணன் முறை. அவர் தட்டினால் தெரு எழும், தட்டாவிட்டால் எழாது.

அப்படிப்பட்ட தெருவில்தான் நான் தேனீ வளர்த்தேன். திருத்தணி ஊருக்குள் தேனீப் பெட்டி வைத்த முதல் பெண்பிள்ளை நான்தான் என்று இன்றைக்கும் சொல்லிக்கொள்வேன். எனக்கு முன்னால் யாராவது வைத்திருந்தால் வந்து சொல்லட்டும். இதுவரை ஒருவரும் வரவில்லை.

எழுபதுகளின் தொடக்கம் அது. எனக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம். மாதர் சங்கத்தில் பத்து நாள் தேனீப் பயிற்சி என்று சொன்னார்கள். தையலுக்குப் பதினெட்டுப் பேர் பெயர் கொடுத்தார்கள், தேனீக்கு நான் ஒருத்திதான். மாமனார் முகத்தைச் சுளித்தார். நான் கேட்கவில்லை. பத்தாவது வரை படித்த எனக்கு மறுபடி ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் கையில் வந்ததே பெரிய சந்தோஷம். பயிற்சி கொடுத்த சார் சொன்னதையெல்லாம் முத்து முத்தாக எழுதினேன். எழுதியதைத் திரும்பப் படித்தேனா என்றால், இல்லை. அதற்கான தண்டனை பின்னால் கிடைத்தது.

பயிற்சி முடிந்ததும் என் பெயருக்கு ஒரு பெட்டி கொடுத்தார்கள். தாலுகா ஆபீஸ் பின்னால் ஒரு மரப்பொந்தில் இருந்த கூட்டத்தை அந்த சாரே பிடித்து, பெட்டியில் விட்டு, எங்கள் கொல்லையில் கொண்டுவந்து வைத்தார். ஒரு முக்காலி உயரத்துக்கு மரத்தாங்கி, எறும்பு ஏறாமலிருக்க ஒவ்வொரு காலுக்கும் கீழே தண்ணீர் ஊற்றிய கொட்டாங்கச்சி. "பெட்டி இந்த ஊர்ல, உன் கண்ணு பாக்கற எடத்துல இருக்கணும்மா. சித்திரையில வந்து பாப்பேன். பராமரிக்க முடியலேன்னா வேற ஆளுக்குக் குடுத்துடுவோம்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வீட்டில் என் பெயரில் இருந்த முதல் பொருள் அது. தறி மாமனாருடையது, பாத்திரம் பண்டம் எல்லாம் அம்மா வீட்டுச் சீர், தாலிகூட மாமனார் வீட்டில் போட்டது. பெட்டியின் பக்கவாட்டில் மட்டும் வெள்ளைப் பெயிண்டில் என் பெயர் எழுதியிருந்தது. தினமும் அதை ஈரத் துணியால் துடைப்பேன். தேனீக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

மாசி மாதம், மாமரமெல்லாம் பூத்திருந்த சமயம். பக்கத்து வீட்டு அண்ணனின் பாவு நாள். எல்லோரும் கஞ்சி தேய்த்து முடித்து வெயில் ஏறும் நேரம். அவர் பாவின் ஓரமாக நடந்துகொண்டே வந்தவர் நின்றார். குனிந்தார். மறுபடி இரண்டு அடி நடந்து குனிந்தார். வெள்ளை நூலில் மஞ்சளாகக் கடுகளவு பொட்டு, அங்கொன்றும் இங்கொன்றுமாக. பாவு முழுக்க இருந்தது.

"இன்னாது இது? மாம்பூத் தூளா?" என்று யாரோ கேட்டார்கள்.

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் மாம்பூ என்றே போயிருக்கும். ஆனால் பத்து நாள் பயிற்சி எடுத்தவளாயிற்றே. "அது தேனீ எச்சங்க அண்ணா. மகரந்தம் தின்னுதுங்க இல்லியா, அதான் மஞ்சளாப் போவுது," என்று பெரிய டாக்டர் மாதிரி விளக்கம் சொன்னேன்.

தெரு முழுவதும் என்னைப் பார்த்தது. என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார்.

அண்ணன் கோபக்காரர் இல்லை, அதுதான் கஷ்டம். கோபக்காரர் என்றால் கத்திவிட்டுப் போய்விடுவார். இவர் அளந்து பேசுகிற மனுஷர். வேட்டி நெய்தால் ஒரு விரற்கடை குறையாது, கூடாது. அந்த மாதிரியே வார்த்தையும். அந்தப் பாவை அப்படியே ஏற்றி நெய்தார். கறை விழுந்த வேட்டிகளை, நூல் கொடுத்து நெய்யச் சொல்லும் முதலாளி தனியாக எடுத்துப் போட்டாராம். அந்த மனுஷர் வாழ்க்கையில் இரண்டாம் தரம் என்று ஒரு துணி போனது அதுதான் முதல் தடவை. முதலாளி அப்படி எடுத்துப் போட்ட அன்று சாயங்காலம் எங்கள் வாசலில் வந்து நின்று, என் மாமனாரிடம் சொன்னார்.

"மாமா, இந்தப் பொட்டி இந்த வூட்ல இருக்கற வரைக்கும் உங்க பாவுக்கு நான் கதவு தட்டமாட்டேன்."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். மாமனார் வெற்றிலைப் பெட்டியைத் திறந்து மூடினார், திறந்து மூடினார். எங்கள் தறியில் ஓடிக்கொண்டிருந்த பாவு இன்னும் ஒரு மாதத்துக்கும் கீழேதான் வரும். அதற்குள் பெட்டி போக வேண்டும். போகாவிட்டால் எங்கள் பாவைத் தொட ஒரு கை வராது, தறி நிற்கும். ஊரை விட்டே கொண்டுபோனால் பெட்டி எனக்கு இல்லை. ஆக, ஊருக்குள் இடம் தேட வேண்டும்.

என் அம்மா வீடு பொதட்டூர்பேட்டை. விஷயம் கேள்விப்பட்டு அம்மா சொல்லியனுப்பினாள்: இங்கே கொண்டுவந்து விடு, நம் தெருவில் லுங்கி நூல்தான், கட்டம் கட்டமாக எத்தனையோ கலர், அதில் நாலு மஞ்சள் பொட்டு விழுந்தால் யாருக்குத் தெரியப் போகிறது. சார் போட்ட நிபந்தனையை விட்டால் நல்ல யோசனைதான். ஆனால் கல்யாணமாகி வந்த ஊரில் என் பெட்டிக்கு ஒரு இடம் இல்லை என்று அம்மா வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போக என் ரோஷம் இடம் கொடுக்கவில்லை.

மறுநாள் காலையில் புடவையை மாற்றிக்கொண்டு கிளம்பினேன். முதலில் பள்ளிக்கூடம். தோட்டம் இருக்கிறது, பூச்செடி இருக்கிறது. தலைமை ஆசிரியர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எங்க பசங்களுக்குக் கல்லு எறியறதுக்கு ஒரு எலக்கு இல்லாமத்தான் இருக்குதுங்க. நீங்க வேற குடுத்துட்டுப் போறீங்களா?" என்றார். அவர் சொன்னது நியாயம்தான். நானே அங்கே படித்திருந்தால் எறிந்திருப்பேன்.

அடுத்து ரயில்வே ஸ்டேஷன். பிளாட்பாரத்தின் கடைசியில் வேலி போட்ட அழகான சின்னத் தோட்டம் ஒன்று இருந்தது. அங்கிருந்த அதிகாரி, ரயில்வே இடத்தில் எறும்பு குடியேறினாலும் மேலிடத்துக்கு எழுதிக் கேட்க வேண்டும் என்றார். எழுதினால் பதில் எப்போது வரும் என்றேன். "எனக்கு மாற்றல் ஆனதுக்கப்புறம் வரும்," என்றார் அந்த நல்ல மனுஷர். கோயில் நந்தவனத்துக் காவல்காரர் கதையை முழுசாகக் கேட்கவே இல்லை. பூப்பறிக்கிற பெண்களைத் தேனீ கொட்டினால் சுவாமிக்கு மாலை ஏது என்று கையாலேயே போகச் சொன்னார்.

இப்படி நாலைந்து நாள் அலைந்தேன். வீட்டுக்குத் திரும்பும்போது பக்கத்து வீட்டு வாசலில் என் நாத்தனார் முறத்தோடு உட்கார்ந்திருப்பார். "இன்னாடி, எடம் கெடச்சுதா?" என்பார். கேட்கிற குரலில் பாதி அக்கறை, பாதி வேடிக்கை. "கெடைக்கும் அண்ணி," என்று சொல்லிவிட்டு நிற்காமல் உள்ளே போவேன்.

கடைசியில் மலைப்படிக்குப் பக்கத்தில் ஒரு சத்திரத்து மேனேஜர் மடங்கினார். மடங்கினார் என்றால், ஒருநாள் முழுக்க அவர் மேசைக்கு எதிரில் நின்றதில் அலுத்துப்போய் ஒப்புக்கொண்டார். மொட்டை மாடியில் மூலையில் வைத்துக்கொள், ஆனால் ஒரு நிபந்தனை. "இங்க வர்றவங்க எல்லாம் மொட்டை அடிச்சிக்கினு சந்தனம் தடவிக்கினு மாடியில காயறவங்க. ஒரு மொட்டைத் தலையில ஒரு பூச்சி ஒக்காந்தாலும் பொட்டியை அன்னிக்கே எடுத்துடணும்," என்றார். சரி என்றேன். சரி என்று சொல்லாமல் வேறு என்ன சொல்ல முடியும்.

இடம் கிடைத்தது என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகப் பேசினேன். மாமனார் பஞ்சாங்கத்தை எடுத்தார். தேன் சுவாமிக்குப் போகிற பொருள், அதைச் சும்மா தூக்கிக்கொண்டு போக முடியுமா. புதன்கிழமை, காலை ஒன்பதேகாலுக்கு மேல் பத்தரைக்குள் நல்ல நேரம் என்று குறித்தார். பெட்டிக்கு மஞ்சள் குங்குமம் வைத்தோம். கற்பூரம் காட்டினோம். நுழைவாயிலைத் துணியால் அடைத்து, வண்டியில் வைத்து, என் வீட்டுக்காரர் இழுக்க நான் பின்னால் நடக்க, சத்திரத்து மாடிக்குக் கொண்டுபோய் வைத்தோம். வேண்டுமென்றே வண்டியை முதலில் பக்கத்து வீட்டு வாசல் வரைக்கும் ஓட்டி, அங்கிருந்து திருப்பச் சொன்னேன். அண்ணன் உள்ளே நெய்துகொண்டிருந்தார். தறியில் நாடா ஓடுகிற சத்தம் நிற்கவே இல்லை.

காலை ஒன்பதேகால் மணிக்குத் தேனீ எங்கே இருக்கும்? ஊரெல்லாம் இருக்கும். பாதிக் கூட்டம் மாந்தோப்புக்கு வேலைக்குப் போயிருந்தது. நல்ல நேரம் பார்த்தவர்கள் யாரும் இதைப் பார்க்கவில்லை.

நாங்கள் வீடு திரும்பியபோது கொல்லையில் ஒரே இரைச்சல். தோப்பிலிருந்து வந்தவை பெட்டி இருந்த இடத்தில் வட்டம் அடித்துக்கொண்டிருந்தன. நேரம் ஆக ஆக இன்னும் வந்தன. சத்திரத்திலிருந்து கிளம்பியவையும் பழைய இடத்துக்கே வந்து சேர்ந்தன. வெறும் சுவரில், பெட்டி இருந்த உயரத்துக்குச் சரியாக, ஒரு கை அகலத்துக்கு அப்பிக்கொண்டு உட்கார்ந்தன. அந்தக் கொல்லைப் பக்கம் யாரும் போக முடியவில்லை. மத்தியானம் சத்திரத்து ஆள் மூச்சிரைக்க ஓடி வந்தான். ஆந்திராவிலிருந்து வந்த ஒரு பெரியவர் தலையில், சந்தனத்துக்கு நடுவில், ஒன்று கொட்டிவிட்டதாம். அவர் முருகன் செயல் என்று பேசாமல் இருந்தாராம். மேனேஜர்தான் இருக்கவில்லை.

மாமனார் நாள் முழுக்க ஒரே பேச்சு: "நேரம் நல்ல நேரம்தான். பூச்சிங்க வூட்ல இல்ல, அவ்ளோதான்."

பொழுது சாய்கிற நேரத்தில் பெட்டி அதே வண்டியில் திரும்பி வந்தது. இந்தத் தடவை பக்கத்து வீட்டுக்குத் தெரியாமல் கொண்டுவரலாமா என்று பார்த்தேன், தெருவுக்கு வேறு வழி இல்லை. பழைய இடத்தில் வைத்துத் துணியை எடுத்தேன். சுவரில் ஒட்டிக்கிடந்தவை ஒவ்வொன்றாக இறங்கி உள்ளே போக ஆரம்பித்தன. எனக்கு அழுகை வந்தது. அவமானத்தில் பாதி. அந்தப் பூச்சிகள் நாள் முழுக்க வெறும் சுவரைப் பிடித்துக்கொண்டு காத்திருந்ததை நினைத்துப் பாதி.

நிமிர்ந்தால், இடுப்பு உயரக் கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. "வூடு போனதுகூடத் தெரியாம வந்து நிக்குதுங்க பார்," என்றார். என்னிடம் சொன்னாரா, தனக்குத்தானே சொல்லிக்கொண்டாரா, தெரியவில்லை. உள்ளே போய்விட்டார்.

அன்று இரவு சாப்பிடாமல் நோட்டுப் புத்தகத்தை எடுத்து முதல் பக்கத்திலிருந்து படித்தேன். ஆறாவது நாள் பாடத்தில், என் முத்தான கையெழுத்தில், அடிக்கோடு போட்டு எழுதியிருந்தது: பெட்டியை நகர்த்தினால் இரண்டு மைலுக்கு மேல் தள்ளிப் போக வேண்டும், இல்லையென்றால் ஒரு நாளைக்கு ஒரு முழம். அதுவும் எல்லாம் வீடு திரும்பிய பிறகு. என் தலையில் நானே குட்டிக்கொண்டேன்.

ஒரு நாளைக்கு ஒரு முழம் என்றால் எங்கே போக முடியும்? விடிந்ததும் கொல்லையில் நின்று பார்த்தேன். எங்கள் தெரு மலை அடிவாரத்தில் முடிகிற தெரு. கடைசி வீடு அண்ணனுடையது. அவர் கொல்லைக்குப் பின்னால் ஒரு பெரிய பாறை, அதன் இடுப்பில் இரண்டு பேர் உட்காருகிற அளவுக்குப் படி மாதிரி ஒரு இடம். அங்கே பெட்டியை மலையைப் பார்க்க வைத்தால் தேனீ நேராக மரங்களுக்கு மேலே ஏறிப் போகும். தெருவுக்கு வர வேண்டிய வேலையே இல்லை. என் வீட்டுக்காரர் கை முழத்துக்குக் கயிறு பிடித்து அளந்தேன். எங்கள் பக்கத்தில் சுவர் இடிந்த வழி வரைக்கும் ஆறு முழம். அண்ணன் கொல்லையில் பதினொன்று. பாறையில் ஏற மூன்று. மொத்தம் இருபது முழம். மாமனாரிடம் தறியில் இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டேன். இருபது நாள் நெய்யலாம் என்றார். ஒரு நாள்கூடக் கையிருப்பு இல்லை.

வழி முழுக்க அவர் வீட்டுக் கொல்லை. கேட்டுத்தானே ஆக வேண்டும்.

போனபோது தறிக்குழியில் கால் வைத்து நெய்துகொண்டிருந்தார். நான் பேச ஆரம்பித்தும் கை நிற்கவில்லை. நாடா அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஓட, அந்தச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திச் சொன்னேன். பாறையைச் சொன்னேன், முழத்தைச் சொன்னேன். முழம் என்றதும் கை நின்றது.

"பூச்சிக்கு மொழக் கணக்கா?"

"ஆங், அண்ணா. ஒரு நாளைக்கு ஒரு மொழந்தான். மேல போனா வழி தெரியாதுங்க."

"யார் கை மொழம்? உன் கையா, என் கையா?"

இதை அந்த சார் சொல்லவில்லை. என் முழங்கையைப் பார்த்தேன், அவர் முழங்கையைப் பார்த்தேன். நாலு விரல் வித்தியாசம் இருக்கும்.

"உன் கை மொழம் வெச்சா என் கொல்லையைத் தாண்ட ஆடி மாசம் ஆவும்," என்றார். பக்கத்தில் சாய்த்து வைத்திருந்த அளவுகோலை எடுத்தார். அவர் அப்பா காலத்துக் கோல், பிடித்துப் பிடித்து வழுவழுப்பானது. "இதுதான் மொழம். தெனம் நானே அளப்பேன். என் கொல்லையில ஒரு நாள்கூட அதிகம் நிக்கக் கூடாது."

அப்படித்தான் ஆரம்பித்தது. தினமும் பொழுது சாய்ந்து கடைசித் தேனீயும் உள்ளே போன பிறகு அண்ணன் கோலோடு வருவார். தாங்கியின் முன்காலில் வைத்து அளந்து, தரையில் சுண்ணாம்பால் ஒரு கோடு போடுவார். நானும் என் வீட்டுக்காரரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பெட்டியைத் தாங்கியோடு தூக்கிக் கோட்டில் வைப்போம். கொட்டாங்கச்சி நாலையும் நகர்த்தித் தண்ணீர் ஊற்றுவோம். அரை விரல் தள்ளி வைத்தால்கூட அண்ணன் விடமாட்டார். காலையில் போய் நிற்பேன். வெளியே வருகிற தேனீ ஒரு சுற்று சுற்றிப் பெட்டியைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் போகும். சாயங்காலம் சரியாக வந்து சேரும். சுவரில் ஒன்றுகூட ஒட்டவில்லை.

தெருவில் பேச்சு இதுதான். தண்ணீர்க் குழாயில், மளிகைக் கடையில், "இன்னிக்கு எத்தினியாவது மொழம்?" என்று கேட்பார்கள். கிண்டல்தான். ஆனால் கேட்டவர்களுக்கு எண்ணிக்கை என்னைவிடச் சரியாகத் தெரிந்திருந்தது. ஏழாம் நாள் பெட்டி சுவர் வழியைத் தாண்டி அவர் கொல்லைக்குள் நுழைந்தபோது வேடிக்கை பார்க்க நாலைந்து பேர் வந்துவிட்டார்கள்.

பதின்மூன்றாவது முழத்தில்தான் வில்லங்கம் வந்தது. அங்கே என் நாத்தனாரின் பூசணிக்கொடி படர்ந்திருந்தது. அந்தக் கொடியைப் பற்றி அவருக்கு ஒரு மனக்குறை உண்டு. பூ பூவாகப் பூக்கும், பிஞ்சு பிடிக்கும், நாலு நாளில் வெம்பி விழுந்துவிடும். யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று எலுமிச்சம்பழம்கூடக் கட்டிப் பார்த்தார். அன்று சாயங்காலம் நாங்கள் பெட்டியைத் தூக்கக் குனிந்தபோது நாத்தனார் வந்து நடுவில் நின்றார்.

"இன்னும் ரெண்டு நாள் இங்கியே இருக்கட்டும்."

"ஏம்மே?" என்றார் அண்ணன்.

"பிஞ்சு நிக்குது."

இலையை விலக்கிக் காட்டினார். எலுமிச்சை அளவில் ஒன்று, அதைவிடப் பெரிதாக இன்னொன்று, இந்தப் பக்கம் இரண்டு. "காலங்காத்தால பூவுக்குள்ள பொரண்டு பொரண்டு வர்துங்க. நான் பாத்துக்கினுதான் இருக்கறேன்," என்றார்.

எனக்குப் பெருமை தொண்டை வரைக்கும் வந்தது. ஆண்பூவிலிருந்து மகரந்தம் என்று ஐந்தாம் நாள் பாடத்தைச் சொல்ல வாயைத் திறந்தேன். பாவு ஞாபகம் வந்தது, மூடிக்கொண்டேன். ஆனால் கணக்கு உதைத்தது. இருபது முழத்துக்கு இருபது நாள். இங்கே ஒரு நாள் நின்றாலும் எங்கள் பாவு நாளுக்குள் பாறைக்குப் போய்ச் சேராது.

"அண்ணி, நாள் பத்தாதுங்க," என்றேன்.

"பாவு என் பொறந்த வூட்டுப் பாவுதானேடி. எனக்குத் தெரியாதா?" என்றார்.

நான் அண்ணனைப் பார்த்தேன். ஒரு நாள்கூட அதிகம் நிற்கக்கூடாது என்றவர் அவர்தான். கோலைக் கையில் வைத்துக்கொண்டு பூசணிப் பிஞ்சைப் பார்த்தார், பெண்டாட்டியைப் பார்த்தார், கோலைத் தோளில் சாய்த்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். இரண்டு நாள் என்றது நாலு நாளானது. நாலு ஐந்தானது. நாத்தனார் அந்த இடத்தைக் காவல் காத்தார். அந்த ஐந்து சாயங்காலமும் போய் நின்று வெறுங்கையோடு திரும்பினேன்; ஆறாம் நாள்தான் தூக்க விட்டார்.

இருபதாம் நாள் வந்தது. பெட்டி பதினைந்தாவது முழத்தில், இன்னும் அவர் கொல்லைக்குள்ளேயே இருந்தது. எங்கள் தறியில் பழைய பாவு தீர்ந்துவிட்டது. புது நூல் தோய்த்து உருட்டித் தயாராக இருந்தது. மாமனார் கஞ்சிக்கு அரிசி போடச் சொல்லவில்லை. நான் யாரையும் கேட்காமல் போட்டேன். கொதிக்கிற கஞ்சியைத் துழாவிக்கொண்டே விடியப் போவதை யோசித்தேன். யாரும் வராவிட்டால் நாங்கள் மூன்று பேரும் தெருவில் அந்த நீளப் பாவுக்கு முன்னால் நிற்போம். அந்தக் காட்சியைத் தெரு முழுக்கக் கதவிடுக்கில் பார்க்கும். பெட்டியால் வந்த வினை என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்காட்டுவார்கள். நாளைக்கே பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்துகொண்டு படுத்தேன்.

விடியற்காலையில் எழுந்து, வாசல் தெளித்துவிட்டு, கதவுக்குப் பின்னால் நின்றேன். மலைமேல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தெருவில் ஒரு சத்தமும் இல்லை. மாமனார் உட்கார்ந்திருந்தார். என் வீட்டுக்காரர், "நாமளே நீட்டலாம். ஆவற வரைக்கும் ஆவட்டும்," என்றார்.

அப்போது தெருவின் அந்தக் கோடியில் கேட்டது. டொக் டொக். ஒரு கதவு. கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொரு கதவு. மூன்று, நாலு, எதிர்ச்சாரியில் ஒன்று. சத்தம் ஒவ்வொரு வீடாக நெருங்கி வந்தது. யாரோ இருமினார்கள், யாரோ தாழ்ப்பாளை நீக்கினார்கள். கடைசியாக எங்கள் கதவு.

திறந்தேன். அண்ணன் தோளில் துண்டோடு நின்றார்.

"கஞ்சி ஆய்ச்சா?"

"ஆச்சுங்க." அதோடு விட்டிருக்கலாம். என்னால் முடியவில்லை. "அண்ணா, பொட்டி இன்னும் பாறைக்குப் போவலியே."

"உங்க வூட்ல இருக்கற வரைக்கும் தட்டமாட்டேன்னுதானே சொன்னேன்? இப்ப என் வூட்ல கீது," என்றார். பிறகு உள்ளே எட்டிப் பார்த்து, "மாமா, எழுந்து வாங்க. தெருவே எழுந்துடுச்சி," என்றார்.

மாமனார் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு எழுந்தார். தெருவில் இறங்கிப் பார்த்தேன். வீட்டுக்கு இரண்டு பேர், சில வீட்டில் மூன்று பேர். பாவு நீண்டது, கஞ்சி ஏறியது, இரண்டு பக்கமும் ஆட்கள் பிரஷ்ஷை இழுத்துக்கொண்டு நடந்தார்கள். அந்தத் தெருவில் எத்தனையோ பாவுக்குக் கை கொடுத்திருக்கிறேன். அன்றைக்கு மாதிரி தலையை நிமிர்த்தி நின்றதில்லை. அண்ணன் சொன்ன வார்த்தையும் தோற்காமல், என் பெட்டியும் தோற்காமல், எங்கள் பாவு தெருவில் நின்றது. இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமே இல்லை.

அடுத்த வாரமே பெட்டி பாறைக்குப் போய்விட்டது. சித்திரையில் வந்த சார் பார்த்துவிட்டு இன்னும் இரண்டு பெட்டி என் பெயருக்கு எழுதினார். வெகு வருஷம் அந்தப் பாறைமேல் தேனெடுத்தேன். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுக்கிற எங்கள் தெருக்காரர்கள் அபிஷேகத்துக்குக் கடைத் தேன் வாங்கியதில்லை. அதெல்லாம் சரி. ஆனால் என் மனதில் நிற்பது அந்தப் பாவு நாளில் வெயில் ஏறிய நேரம்தான்.

பாவின் ஒரு பக்கம் நான், எதிர்ப்பக்கம் அண்ணன். இழை பிரித்துக்கொண்டே வந்தோம். எனக்கு நேர் எதிரில், ஈர நூலில், கடுகளவு மஞ்சள் பொட்டு ஒன்று விழுந்தது. என் கண்ணுக்கு முன்னால் விழுந்தது. கை அப்படியே நின்றுவிட்டது. நிமிர்ந்தால் அண்ணனும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த பெண் எட்டிப் பார்த்து, "இன்னா அது?" என்றாள்.

அரை விரல் பிசகினால் பொறுக்காத அந்த மனுஷர், கட்டைவிரலைக் கஞ்சியில் நனைத்து, அந்தப் பொட்டைக் காய்வதற்குள் ஒரே இழுப்பில் வழித்து எடுத்து, வேட்டி ஓரத்தில் துடைத்துக்கொண்டார்.

"காக்கா," என்றார்.

எல்லோரும் மேலே பார்த்தார்கள். நானும் பார்த்தேன். வானத்தில் ஒரு காக்காய்கூட இல்லை.